ரெண்டு நாள்ல பழகிடும்

"விட்டுடாதே, விட்டுடாதே. அப்படியே பிடி."

"பிடிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன். கை மரத்துப்போச்சு."

"கண்ணாடி இறங்குது பாரு."

"கண்ணாடி இறங்கல. நான்தான் இறங்கிக்கிட்டிருக்கேன்."

பிக்கப் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவு அகலத் திறந்திருக்கிறது. அதன் உள்பக்கப் பேனலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் பாதி உரிந்து, கறுப்புப் பசையோடு தொங்குகிறது. மனைவி இரண்டு உள்ளங்கைகளாலும் ஜன்னல் கண்ணாடியை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்திருக்க, கணவர் அதைக் கதவின் மேல்சட்டத்தோடு சேர்த்து டேப் ஒட்டுகிறார். மோட்டாரைக் கழற்றிவிட்டால் கண்ணாடியைத் தாங்க ஆள் இருக்காது. நேராகக் கதவின் வயிற்றுக்குள் போய் விழும். இது அவருக்குத் தெரியும். அவரை வேலை தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை தெரியாதவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேலை தெரிந்தவரைப் பற்றி.

இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நான் பழக்கிவிடுபவர் என்று வைத்திருக்கிறேன்.

ஒரு பொருள் பழுதானால் சிலர் ஆளைக் கூப்பிடுவார்கள், சிலர் புதிது வாங்குவார்கள், பலர் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்துவிடுவார்கள். நம்மவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கழற்றுவார், ஊதுவார், துடைப்பார், தேய்ந்ததை மாற்றுவார், மறுபடி மாட்டுவார். அவர் கைபட்ட பொருள் ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முன்பு ஓடிய மாதிரி ஓடாது. அதற்கென்று ஒரு முறை வந்துவிடும். அந்த முறையை வீட்டில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பழுதில் முக்கால் பங்கை அவர் பொருளில் சரிசெய்கிறார். மிச்சம் இருக்கும் கால் பங்கை நம்மில் சரிசெய்கிறார்.

அவர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சமையலறைக் குழாயை முழுக்கத் திருகி மூடிவிட்டு, ஒரு நூலளவு பின்னால் திருகி விட வேண்டும், இல்லாவிட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும். கூடத்து மின்விசிறிக்கு சுவிட்சைப் போட்டு, அணைத்து, அது ஏமாந்த நேரம் பார்த்து மறுபடி போட வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவைக் கையால் சாத்தினால் ஒட்டாது, முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும், அதுவும் வலது முழங்காலால். வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் அறையை விட்டு வெளியே நடக்க ஆரம்பிக்கும்போது யாராவது ஓடிப்போய் அதன் மேல் உட்கார வேண்டும். நம்மவரின் மாமியார் வந்து தங்கும் நாட்களில் அந்த வீட்டில் ஜமுக்காளம், திரைச்சீலை எல்லாம் துவைக்கிறார்கள். அந்த அம்மாள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இவற்றில் எதையும் நம்மவர் குறை என்று சொல்ல மாட்டார். "அதுக்கு ஒரு முறை இருக்கு" என்பார். முறை தெரியாமல் கைவைத்தவர்தான் குற்றவாளி. ஒருமுறை தபால்காரர் வாசலில் நின்று அழைப்பு மணியை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். நம்மவர் வெளியே வந்து பொறுமையாகச் சொன்னார்.

"அழுத்தக் கூடாதுங்க. தட்டணும்."

"கதவையா?"

"மணியை."

தபால்காரர் மணியைத் தட்டினார். அடித்தது. நம்மவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். வந்த கடிதத்தைக்கூட வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

இந்த இனம் தனியாக வாழாது. அதற்குக் குடும்பம் வேண்டும். கற்றுக்கொள்ள ஆட்கள் இல்லாவிட்டால் நம்மவரின் கைவேலை பாதியில் நின்றுவிடும். குடும்பமும் இலேசுப்பட்டதல்ல. நாளாக நாளாக அவர்களுக்கு அதில் ஒரு கர்வம் வந்துவிடுகிறது. "எங்க வீட்டு ஃபேன் எங்க கைக்குத்தான் சுத்தும்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார், ஏதோ அது வளர்த்த கிளி மாதிரி. போன வருடம் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே சமையலறைக் குழாயை முழுக்க மூடிவிட்டு, வழக்கம்போல ஒரு நூலளவு பின்னால் திருகினார். தண்ணீர் வந்தது. மறுபடி மூடி, மறுபடி பின்னால் திருகினார். மறுபடி வந்தது. "உங்க வீட்டுக் குழாய் கெட்டுப்போச்சுடி, அத்தானை வரச்சொல்றேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தார். தங்கை நல்லவேளையாக வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

சரி, கதவுக்கு வருவோம். இன்றைக்கு இந்த வேலையை எடுத்ததற்கு அவசரம் இருக்கிறது. மகளுக்கு நாளைக் காலை லைசென்ஸ் தேர்வு. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் மாதிரிகளை வாங்கி வண்டியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கையில் லைசென்ஸோடு வந்தால் திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவர் சேர்ந்துவிடுவார். தேர்வில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சைகை காட்டச் சொல்வார்கள். வீட்டில் இருப்பதோ மனைவியின் செடி வியாபாரத்துக்கு வாங்கிய இந்த ஒரு வண்டிதான். அதன் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி போன வாரம் ஏறியது, அதன்பிறகு இறங்கவே இல்லை. சுவிட்சை அழுத்தினால் கதவுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. இரண்டு நாள் கழித்து அதுவும் நின்றுபோனது.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாமே" என்று மனைவி சொல்லிப் பார்த்தார்.

"கூப்பிட்டா வருவான். வந்து என்ன செய்வான்? மோட்டாரை மாத்துவான். அதை நான் மாத்த மாட்டேனா?"

"மாத்துவீங்க. அதான் பயமா இருக்கு."

பழைய உதிரிபாகக் கடையில் மோட்டார் கிடைத்தது. கடைக்காரர் அதைத் துணியில் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"ஓடும். ஆனா பிளக் மாறுது சார். வெட்டித்தான் ஒட்டணும். வயர் கலர் வேற, பார்த்து ஒட்டுங்க."

"மொத்தமே ரெண்டு வயர். இதுல பார்க்க என்னய்யா இருக்கு?"

பார்க்க இருந்தது அது ஒன்றுதான்.

மற்றதையெல்லாம் அவர் நன்றாகவே செய்தார். முழங்கை வரை கதவுக்குள் விட்டு, தகட்டு விளிம்பில் தோலைக் கிழித்துக்கொண்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இருந்த போல்ட்டை விரலால் தடவியே கண்டுபிடித்துக் கழற்றினார். பழைய மோட்டாரை வெளியே எடுத்தார். பல்சக்கரத்தில் இருந்த பழைய கிரீஸை வழித்துப் புதிது தடவினார். புது மோட்டாரின் பற்களைப் பற்களோடு பொருத்தி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்து, இறுக்கினார். ஒரு மெக்கானிக் பார்த்திருந்தால் வேலைக்கு வரச் சொல்லியிருப்பார். வயர்தான் மிச்சம். வண்டியிலிருந்து வருவது பழுப்பும் ஊதாவும். மோட்டாரிலிருந்து வருவது சிவப்பும் கறுப்பும். நம்மவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சிவப்புக்குச் சொந்தக்காரன் பழுப்பு என்று முடிவு செய்தார். கறுப்பு, ஊதாவைக் கட்டிக்கொண்டது. மேலே டேப் சுற்றினார். ஜாதகம் பார்க்காமல் முடித்த கல்யாணம் என்றால் இதுதான்.

மகள் பக்கத்தில் கவிழ்த்திருந்த செடித்தொட்டி மேல் உட்கார்ந்து சாலை விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மூடறதுக்கு முன்னாடி ஒருதரம் போட்டுப் பாருங்களேன்."

"போட்டுப் பார்க்கத்தானேம்மா மூடறேன்."

இங்கே ஒரு நிமிடம் நிற்கவும். பழக்கிவிடுபவரை அடையாளம் காண இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சோதித்துப் பார்த்துவிட்டு மூடுவது, தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்வது. நம்மவர் மூடிவிட்டுத்தான் சோதிப்பார். மூடியதைத் திறக்கவும் மாட்டார். திறந்தால் மூடியது தப்பு என்று ஆகிவிடாதா? எனவே பிளாஸ்டிக் தாளைப் பசையோடு சேர்த்து அழுத்தினார், பேனலைத் தூக்கி மேல்விளிம்பில் மாட்டினார், சுற்றிலும் உள்ளங்கையால் குத்திக் குத்தி ஒவ்வொரு கிளிப்பையும் உட்கார வைத்தார், கைப்பிடியை மாட்டினார், திருகுகளை முடுக்கினார், கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து உருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு சாவியைப் போட்டார். சுவிட்சின் கீழ்ப் பக்கத்தை அமுக்கினார்.

மோட்டார் உம் என்றது. கண்ணாடி அசையவில்லை.

மூவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அதில் மூவரும் தெரிந்தார்கள்.

எரிச்சலில் விரல் சறுக்கி மேல் பக்கத்தில் பட்டது. கண்ணாடி இறங்கியது. சத்தமே இல்லாமல், வெண்ணெய் உருகுவதுபோல, கடைவரை இறங்கி நின்றது. வண்டி புதிதாக வந்த அன்றுகூட அப்படி இறங்கியதில்லை.

"இறங்கிடுச்சு!" என்றார் மனைவி.

"மேல அமுக்கினா இறங்குதுப்பா" என்றாள் மகள்.

இப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தும்மல் வரப்போகிறவர் போல முகம் ஒரு கணம் சுருங்கியது. தும்மல் வரவில்லை. முகம் பழையபடி விரிந்தது. நாமாக இருந்தால் தவறு என்கிற நினைப்பு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போகும். அவரிடம் வாசலோடு திரும்பிவிட்டது.

"அதான் சரி" என்றார்.

"எதுப்பா சரி?"

"மேல் பக்கத்தை அமுக்கறே. அந்தப் பக்கம் என்ன ஆகுது? இறங்குது. கண்ணாடி என்ன ஆகுது? அதுவும் இறங்குது. ரெண்டும் சேர்ந்து இறங்குது. இதுல உனக்கு என்ன குழப்பம்? கம்பெனிக்காரன்தான் இத்தனை நாளா ஜனங்களைக் குழப்பி வச்சிருக்கான்."

மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று உடனே பிடிபடாமல் மூடிக்கொண்டார். மகள் விடவில்லை.

"அந்த ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா சரியாயிடும்ப்பா. அஞ்சு நிமிஷ வேலை."

"வயர் அஞ்சு நிமிஷம். பேனல்? அதை மறுபடி கழட்டினா கிளிப் உடையும். கிளிப் உடைஞ்சா கதவு கடகடன்னு ஆடும். நாளைக்கு அதிகாரி முன்னாடி கடகடன்னு போய் நிக்கறியா?"

பழக்கிவிடுபவரோடு வாதாட முடியாததற்குக் காரணம் இதுதான். அவர் சொல்வதில் எப்போதும் ஒரு துண்டு உண்மை இருக்கும். கிளிப்புகள் உடையத்தான் செய்யும்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? ரெண்டு நாள்ல பழகிடும்."

"தேர்வு நாளைக்குப்பா."

"அப்ப இன்னிக்கே பழகிடு. ஏறு வண்டியில."

அவள் ஏறினாள். அவர் வெளியே நின்றுகொண்டார். "இறக்கு" என்றார். அவள் கீழ்ப் பக்கம் அமுக்கினாள். "ஏத்து" என்றார். மேல் பக்கம் அமுக்கினாள். இரண்டும் தப்பு. அவர் கோபப்படவில்லை. திட்டவில்லை. இரண்டு வயர்களைப் பார்ப்பதற்கு இல்லாத பொறுமை மனிதர்கள் விஷயத்தில் அவருக்கு ஊற்றாகச் சுரக்கிறது. ஐந்து நிமிட வேலையை மறுத்தவர் அந்தச் சாயங்காலம் முழுவதையும் கொடுத்தார். சொல்லிக் காட்டினார், செய்து காட்டினார், அவள் விரலைப் பிடித்து வைத்து அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். நடுவில் சாலை விதிகளில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "இறக்கு!" என்றார்.

"பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் ஒலி எழுப்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவள் மேல் பக்கத்தை அமுக்கினாள்.

"பார்த்தியா! பார்த்தியா!"

"என்னையும் ஒருதரம் ஏத்திவிடுங்க" என்றார் மனைவி. செடி கொண்டுபோவது அவர்தானே. அவருக்கு மூன்றாவது முயற்சியிலேயே வந்துவிட்டது. அனுபவசாலி.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மகளின் விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனி அவளுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான். கைச்சைகைகளையும் கூடவே பழக்கினார். மேல் பக்கத்தை அமுக்கு, கையை நீட்டு, நிறுத்தப்போகிறேன் என்று காட்டு. அமுக்கு, நீட்டு, காட்டு. அவள் செய்யச் செய்ய அவருக்குக் கண்கள் பனித்தன. நல்ல ஆசிரியர் என்றால் அவர்தான். ஆபத்தும் அதுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி விருந்தாளியிடம் நீங்கள் எப்போது சொல்வது வழக்கம்? உள்ளே போகும் முன்பா, உள்ளே மாட்டிக்கொண்டு அவர் கூப்பிட்ட பிறகா? நண்பர் இரவல் கேட்டபோது வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது கியரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினீர்கள்? செல்போன் வயரை எந்தப் பக்கமாக வளைத்து எந்தப் புத்தகத்துக்கு அடியில் செருகினால் சார்ஜ் ஏறும் என்பது உங்கள் குடும்பத்தின் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அல்லவா? அதற்கு அந்தப் பிள்ளையைப் பாராட்டியதும் உண்டா? நான் எதையும் கேட்கவில்லை. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேசை ஆடாமல் இருப்பதற்காக உங்கள் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று மட்டும் குனிந்து பாருங்கள்.

மறுநாள் காலை மூவரும் பிக்கப்பில் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார்கள். மகள் ஓட்டினாள். தேர்வு அதிகாரி குரலை உயர்த்தாத மனிதர். வண்டியின் மறுபக்கக் கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. "சார், அது வெளியிலேர்ந்து வராது, நான் திறக்கறேன்" என்றாள் மகள். ஏறி உட்கார்ந்தார். இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். அவள் போட்டு, தண்டு திரும்ப விழுந்துவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு இறங்கி, ஆபீஸ் காரைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆபீஸ் காரில் எல்லாம் சரியாக இருந்தது. அவள் நேராகவும் நிதானமாகவும் ஓட்டினாள். திருப்பத்தில் இண்டிகேட்டரை விரலால் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் வளைத்தாள். வேகம் காட்டும் முள் நின்றுவிடக் கூடாது என்று டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினாள். அதிகாரி "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

"நிறுத்தப்போறேன்னு கைகாட்டு."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சுவிட்சின் மேல் பக்கத்தை அமுக்கிவிட்டுக் கையை நீட்டினாள். விரல்முட்டி கண்ணாடியில் மோதியது. வேலியோரம் நின்றிருந்தவர்களுக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணாடியை இறக்கிட்டுக் காட்டும்மா."

அவள் மறுபடி மேல் பக்கத்தை அமுக்கினாள். இன்னும் பலமாக. மறுபடி கையை நீட்டினாள். அதற்குள் கார் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"யாரும்மா உனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தது?"

"அப்பா."

அதிகாரி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றிருந்த அப்பா கையை உயர்த்திக் காட்டினார்.

மகள் தாழ்வாரத்தில் நின்று பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமைக்கு ஆள் கட்டாயம் வேண்டும் என்றார்கள். அடுத்த முறை இடம் இருந்தால் சொல்வதாகச் சொன்னார்கள். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

"அவங்க காருதான் கோளாறு" என்றார் அப்பா. "நான் வேணா ஒருதரம் பார்த்துத் தரட்டுமான்னு கேக்கறேன்."

"வாயை மூடிக்கிட்டு வண்டியில போய் உக்காருங்க" என்றார் அம்மா. அவர் போய் உட்கார்ந்தார்.

அடுத்த தேதியை வாங்க மகள் அதிகாரியின் அறைக்குப் போனாள். ஒரு மாதம் கழித்து ஒரு தேதியை அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் வெளியே வரும்போது, வேறொரு தாளில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

"போறப்ப கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தும்மா. இல்லாட்டி திறந்துக்கும்."

அவள் தூக்கிச் சாத்தினாள். முதல் தடவையிலேயே சாத்திக்கொண்டது.